கண்மாய் இறாலுக்குக் கடல் வேண்டுமா?

வைகை கடலைத் தொடும் ஆற்றங்கரை என்னும் ஊரின் முகத்துவாரத்துக்குப் பக்கத்து ஊரிலிருந்து எழுதும் நீங்கள் மூன்று செய்திகளைக் கேட்டிருக்கிறீர்கள். ஜப்பானின் தென்கோடியிலுள்ள இரியோமோத்தே தீவில் ஆற்று இறால்கள் கடலுக்குப் போய்த் திரும்புகின்றன என்று படித்திருக்கிறீர்கள். இராமநாதபுரம் பெரிய கண்மாய் நிறைந்து மறுகால் பாயும் நாட்களில், உபரிநீர் வழியும் கலுங்குக்குக் கீழே சினை இறால் அகப்படுகிறதே, அதுவும் கடலுக்குத்தான் போகிறதா என்பது உங்கள் முதல் கேள்வி. கோடையில் வெடித்துக் கிடந்த கண்மாய்க்கு மறு ஆண்டு இறால் எங்கிருந்து வந்து சேர்கிறது என்பது இரண்டாவது. மன்னார் வளைகுடாவில் இத்தனை தீவுகள் இருந்தும் அவற்றில் ஏன் ஆற்று இறால் இல்லை என்பது மூன்றாவது. மூன்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது: நன்னீரில் வளர்ந்து நன்னீரிலேயே சாகும் ஓர் உயிர், தன் வாழ்நாளில் எந்தப் பருவத்தில், எவ்வளவு காலத்துக்கு உப்புநீரை நம்பியிருக்கிறது? அதற்கு விடை தெரிந்தால் மற்ற மூன்றும் தாமாக அவிழும்.

பதிலுக்குப் போகுமுன் ஒரு வரம்பைச் சொல்லிவிட வேண்டும். மீன்வளம் படித்து, இந்தக் கடற்கரையில் இறால் குஞ்சுப் பொரிப்பகங்களில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில், முட்டை முதல் குஞ்சு வரையுள்ள பருவங்களைக் கண்ணெதிரே வளர்த்துப் பழகியிருக்கிறேன். ஆகையால் அந்தப் பகுதியைத் தயக்கமின்றி எழுதுகிறேன். ஆனால் உங்கள் கலுங்கடியில் அகப்பட்டது எந்த இனம் என்று, உடலைப் பார்க்காமல் எழுத்து விவரத்தை மட்டும் வைத்துச் சொல்வது நேர்மையாகாது. அதை நீங்களே கண்டுகொள்ளும் வழியைப் பின்னால் சொல்கிறேன்.

நம் கரையில் இறால் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு குலங்கள் புழங்குகின்றன. வலையில் வரும் வெள்ளை இறால், பாக் நீரிணையின் கடற்புல் வெளிகளில் மிகுதியாகப் பிடிபடும் பச்சை வரி இறால், பண்ணைகளில் வளரும் வனாமி ஆகியவை கடல் குலத்தைச் சேர்ந்தவை. இவற்றின் தாய் முட்டைகளை வயிற்றில் சுமப்பதில்லை. நேரே கடல்நீரில் விட்டுவிடுகிறது. குஞ்சுகள்தாம் பிறகு கழிமுகத்துக்குள்ளும் உப்பங்கழிக்குள்ளும் வந்து வளர்ந்து, இனம் பெருக்கக் கடலுக்குத் திரும்புகின்றன. ஆற்று இறாலின் குலம் இதற்கு நேர் எதிரானது. தாய் தன் முட்டைகளை வயிற்றின் நீந்துகால்களில் ஒட்டவைத்து, பொரியும் வரை சுமந்து, ஓயாமல் விசிறி, காற்றூட்டிக் காக்கிறது. எனவே வயிற்றின் அடியில் முட்டைக் கொத்து வெளிப்படையாகத் தெரிந்தால், அது கடல் இறால் வழிதவறி வந்ததன்று என்று உறுதியாகக் கொள்ளலாம். சினை இல்லாதபோதும் அடையாளம் உண்டு. ஆற்று இறாலுக்கு இரண்டாவது காலிணை நீண்டு கொடுக்காக இருக்கும். முதல் இரண்டு காலிணைகளில் மட்டுமே கவ்வும் நுனி உண்டு. கடல் இறாலுக்கு முதல் மூன்று காலிணைகளிலும் சிறு கவ்வு நுனி இருக்கும். அடிவயிற்றின் இரண்டாம் கண்டத்தின் பக்கவாட்டுத் தோடு தனக்கு முன்னுள்ள கண்டத்தையும் பின்னுள்ள கண்டத்தையும் மூடிக்கொண்டிருந்தால், அது ஆற்று இறாலின் வரிசை. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்களுடையது இந்த வரிசையில்தான் வருகிறது. இதில் எனக்கு ஐயமில்லை.

இந்த வரிசையில் நமக்கு முக்கியமானது மேக்ரோபிராக்கியம் என்ற பேரினம். வியாபாரிகள் ஸ்கேம்பி என்று வாங்கும் நீலக்கொடுக்கு இறாலான ரோசன்பெர்கி, கோதாவரி, கிருஷ்ணா, காவிரி போன்று வங்கக் கடலில் விழும் ஆறுகளின் மால்கம்சோனி, குளங்களில் காணும் சிறிய லாமரி எல்லாம் இதற்குள் அடங்கும். ரோசன்பெர்கியின் வாழ்க்கைதான் மிக நன்றாக ஆராயப்பட்டது என்பதால் அதை வைத்தே சொல்கிறேன். பெண் இறால் தோடு உரித்து உடல் மென்மையாக இருக்கும் சிறு இடைவெளியில்தான் இணை சேர்கிறது. சில மணி நேரத்துக்குள் முட்டையிட்டு நீந்துகால்களில் ஏந்திக்கொள்கிறது. நன்கு வளர்ந்த தாய் 80,000 முதல் 1,00,000 முட்டை வரை சுமக்கும். தொடக்கத்தில் ஆரஞ்சு நிறமாக இருக்கும் சினை நாளாக ஆகப் பழுப்பாகி, பொரிவதற்குச் சில நாள் முன் சாம்பல் நிறமடைகிறது. 28 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இதற்கு ஏறத்தாழ மூன்று வாரம் ஆகும். பொரிவது பெரும்பாலும் இரவில். வெளிவரும் உயிர் தாயைப் போல இருக்காது. கண்ணாடி போன்ற உடலோடு, வயிறு மேலாக, வால் முன்னாக, நீரின் நடுவே மிதந்து நீந்தும் இளவுயிரி அது. இந்த நிலையில் அதற்கு நடக்கத் தெரியாது. ஓட்டத்தை எதிர்க்கவும் வலுவில்லை.

உப்பின் தேவை இங்கேதான் வருகிறது. நன்னீரிலேயே விட்டால் இந்த இளவுயிரிகள் நான்கைந்து நாட்களுக்குள் இறந்துவிடும். உவர்நீர் கிடைத்தால் பதினொரு பருவங்களைக் கடந்து, மூன்று முதல் ஆறு வாரத்தில், ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான நீளத்தில், சின்னஞ்சிறு இறாலாக உருமாறி அடித்தரையில் கால் ஊன்றும். பொரிப்பகங்களில் இதற்காக ஆயிரத்தில் 12 பங்கு உப்புள்ள நீரைப் பயன்படுத்துகிறோம். கடல்நீரில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 35 பங்கு உப்பு உண்டு என்பதால், மூன்றில் ஒரு பங்கு கடல்நீர் என்று கொள்ளலாம். ஷாவோ-வென் லிங் என்ற விஞ்ஞானி 1961-இல் மலேயாவின் பினாங்கில் இந்த உண்மையைக் கண்டறியும் வரை, நன்னீரில் பொரித்த குஞ்சுகள் ஏன் இறக்கின்றன என்பது எவருக்கும் விளங்கவில்லை. அதன்பின் ஹவாயில் தகூஜி ஃபூஜிமூரா பெருமளவில் குஞ்சு வளர்க்கும் முறையை உருவாக்கினார். இன்று உலகம் முழுவதும் நடக்கும் நன்னீர் இறால் வளர்ப்பு இந்த இருவரின் உழைப்பின் மேல் நிற்கிறது. உருமாறிய குஞ்சு நீரோட்டத்தை எதிர்த்து, கரையோரமாக, இரவில் மேலேறுகிறது. ஆக, கடலுக்குப் போய்த் திரும்புவது ஒரே இறால் அன்று. இளவுயிரியாக இறங்குகிறது, குஞ்சாக ஏறுகிறது. இனப்பெருக்கம் நடப்பது நன்னீரில். கடலில் வளர்ந்து முட்டையிட ஆற்றுக்கு வரும் சால்மன் மீனின் வழியும் இதுவன்று, ஆற்றில் வளர்ந்து முட்டையிடக் கடலுக்குப் போகும் விலாங்கின் வழியும் இதுவன்று.

ஆனால் ஆற்று இறால் எல்லாவற்றுக்கும் கடல் வேண்டும் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. முட்டையின் அளவைப் பார்த்தால் இந்தப் பேரினம் இரண்டு வழியில் பிரிந்து போயிருப்பது தெரியும். ஒரு வழி, அரை மில்லிமீட்டரை ஒட்டிய நுண்ணிய முட்டைகளை ஆயிரக்கணக்கில் இடுவது. அந்த முட்டைக்குள் இருக்கும் கரு உணவு சில நாட்களுக்கே போதும், எனவே குஞ்சு உணவு மிகுந்த உவர்நீரை விரைவில் எட்டியாக வேண்டும். மற்ற வழி, ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் வரையுள்ள பெரிய முட்டைகளைச் சில பத்துகளாகவோ நூற்றுச் சொச்சமாகவோ இடுவது. குஞ்சு முட்டைக்குள்ளேயே வளர்ச்சியின் பெரும்பகுதியை முடித்துக்கொண்டு, பொரிந்த சில நாட்களில் நடக்கத் தொடங்கிவிடும், உப்பே வேண்டாம். நம் குளத்து லாமரி இரண்டாவது வழியைச் சேர்ந்தது. நீங்கள் படித்த இரியோமோத்தே தீவிலேயே இரண்டு வழியும் உண்டு என்பது வியப்பான செய்தி. அந்தத் தீவின் மேல் ஓடைகளில் மட்டும் வாழும் ஷோகிடாய் என்ற இனம் பெரிய முட்டையிட்டு, கடலை முற்றாக விட்டுவிட்டது. ரியூக்யூ தீவுகளின் இறால்களை வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த ஷிகெமிட்சு ஷோகிடாவின் பெயரால் அது வழங்குகிறது. தைவானின் அஸ்பெருலம் இனமும் அப்படியே.

இனி அந்தத் தீவு ஆறுகளைப் பற்றி. இரியோமோத்தேயின் உராவுச்சி ஆறு 18.8 கிலோமீட்டர் நீளமுள்ளது. ஒகினாவா மாகாணத்திலேயே நீளமான ஆறு அதுதான். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் மலைக்காட்டிலிருந்து இறங்கி, இரண்டு அருவிகளில் விழுந்து, அலையாத்திக் காட்டு முகத்துவாரம் வழியாகக் கடலில் சேர்கிறது. அங்கெல்லாம் ஆறுகள் குட்டையானவை, செங்குத்தானவை, ஆண்டு முழுவதும் ஓடுபவை. ஆற்றின் எந்த இடத்தில் எந்த இறால் என்பதிலும் ஓர் ஒழுங்கு உண்டு: உவர்நீர் எல்லையில் ஈக்விடன்ஸ், கீழ், நடு ஆற்றின் மெதுவான மடுக்களில் ஃபார்மோசென்ஸ், மேலே வேகமாகப் பாயும் பாறை ஓடையில் ஜப்பானிகம். லார் என்னும் பெரிய இறாலும் அங்கே உண்டு. அதன் இளவுயிரிகளுக்கு ஏறத்தாழ முழுக் கடல்நீரே வேண்டும், உருமாற மூன்று மாதம் பிடிக்கிறது. அவ்வளவு நாள் கடலில் மிதப்பதால்தான் அந்த ஒரே இனம் இந்து, பசிபிக் பெருங்கடல்களின் எத்தனையோ தீவுகளில் பரவியிருக்கிறது என்று கருதுவதில் நியாயம் உண்டு. ஈக்விடன்ஸ் நமக்கும் அந்நியமன்று. தமிழகக் கழிமுகங்களில் அதுவும் உண்டு.

அருவிகள் இந்த இறாலுக்குத் தடை அல்ல. உண்மையில் அவை அரண். குஞ்சுகளும் இளம் இறால்களும் சாரல் தெறிக்கும் ஈரப் பாறையில், நீருக்கு வெளியே, இரவில் ஏறிவிடும். அவற்றைத் தின்னும் பெரிய மீன்கள் பலவற்றால் அப்படி ஏற முடியாது. இதனால் அருவிக்குக் கீழே ஒளிந்து திரியும் இறால், அருவிக்கு மேலே ஓடையின் முதன்மை விலங்காகிவிடுகிறது. கரீபியன் கடலிலுள்ள புவேர்ட்டோ ரிக்கோ தீவின் மழைக்காட்டு ஓடைகளில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். விழுந்த இலைகளைக் கிழித்துத் தின்று மட்கச் செய்வதும், பாறை மேல் படியும் வண்டலைத் துடைத்து எடுப்பதும் அங்கே இறால்களின் வேலை. அவற்றை அகற்றிய இடத்தில் பாறை மேல் சேறு சேர்ந்துவிடுகிறது. பெருநிலத்தில் இந்த வேலையைப் பூச்சிகளும் மீன்களும் பங்கிட்டுக்கொள்கின்றன. தனித்த கடல் தீவுகளுக்கு நன்னீர் மீன்கள் கடலைத் தாண்டி எளிதில் வந்து சேர முடியாது என்பதால், ஓடை உயிர்கள் பெரும்பாலும் கடல் வழியாக வந்தவை. ஹவாயின் பூர்வீக ஆற்று மீன்கள் ஐந்துமே இளமையில் கடலில் மிதப்பவை. அத்தகைய தீவில் கடலோடு தொடர்பு அறுந்தால் ஆறே காலியாகிவிடும்.

நம் ஆற்றுக்கு வருவோம். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஓடும் நீரில் மிதக்கும் இளவுயிரி, உராவுச்சியின் முழு நீளத்தையும் பத்தரை மணி நேரத்தில் கடந்துவிடும். மாலையில் பொரிந்தால் விடியும் முன் உப்பைத் தொடும். வைகையின் நீளம் ஏறத்தாழ 258 கிலோமீட்டர். அதே வேகத்தில், வழியில் ஒரு தடையும் இல்லையென்றாலும், ஆறு நாள் ஆகும். இளவுயிரியோ நான்கைந்து நாளில் இறந்துவிடும். ஆகையால் நீண்ட ஆறுகளில் இந்த உயிர் வேறொரு வழியைக் கைக்கொண்டிருக்கிறது: குஞ்சை ஓட்டத்தில் விடுவதற்குப் பதில், சினையோடு தாயே கீழே இறங்கி வருகிறது. ரோசன்பெர்கியும் மால்கம்சோனியும் வெள்ளக் காலத்தில் கழிமுகத்தை நோக்கி இறங்குவது நன்கு அறியப்பட்டது. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றிலுள்ள ஓகையோன் என்ற இனமும் இதையே செய்கிறது. மேலேறி வரும் குஞ்சுகள் கொள்ளிடத்தில் கீழணைக்குக் கீழே திரண்டு நிற்பதையும், அங்கிருந்து அவற்றைப் பிடித்துக் குளங்களில் விட்டதையும் மீன்வளத் துறையில் இருந்தவர்கள் அறிவார்கள்.

எனவே மறுகால் பாயும்போது கலுங்குக்குக் கீழே சினை இறால் அகப்படுவது, இந்த இறங்குதலோடு முற்றிலும் பொருந்துகிறது. பொருந்துகிறது என்பதற்கு மேல் நான் போகமாட்டேன். வெள்ளம் கலுங்கில் விழும்போது லாமரி போன்ற சிறு இறாலும் தன் விருப்பமின்றி அடித்து வரப்படும். அதன் வயிற்றிலும் சினை இருக்கலாம். கலுங்கடியில் கிடைத்தது என்பதே பயணத்துக்குச் சான்றாகாது. சினையின் நுண்மையே சான்று.

சிவனுக்கு நஞ்சளித்த கடலோடு சேரமாட்டேன் என்று வைகை ஒதுங்கியதாகப் புலவர்கள் பாடியது நம் பகுதியில் பலருக்கும் தெரியும். அது பாட்டு என்றாலும், ஆறு கண்மாய்களில் பிரிந்து கடைசியில் பெரிய கண்மாயில் அடங்குவதும், மிஞ்சியது மட்டுமே ஆற்றங்கரையில் பாக் நீரிணையைத் தொடுவதும் உண்மை. 1959-இல் வைகை அணை எழுந்தது. கீழே விரகனூர் மதகணையும் பார்த்திபனூர் மதகணையும் நீரைக் கண்மாய்களுக்குத் திருப்புகின்றன. மழை இங்கே வடகிழக்குப் பருவத்தில் சில வாரங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடும்; ஆண்டு முழுவதற்குமான அளவே இரியோமோத்தே பெறுவதில் பாதிக்கும் குறைவு. ஆக, நம் இறாலுக்குக் கடல் வழி திறப்பது சில ஆண்டுகளில், சில வாரங்கள். அந்த வாரங்களில் தாய் இறங்க வேண்டும், முட்டை பொரிய வேண்டும். ஒரு மாதம் போல உவர்நீரில் வளர்ந்தபின், குஞ்சு மேலேறுவதற்கும் வழி இன்னும் திறந்திருக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனைதான் கடினமானது. நவம்பர் நடுவில் மறுகால் பாய்ந்து, டிசம்பர் தொடக்கத்தில் நின்றுவிட்டால், இறங்கியவற்றின் குஞ்சுகளுக்கு ஏறி வர ஈரமான பாதை இருக்காது. மணல் முகத்துவாரத்தை அடைத்துக்கொண்டால் சொல்லவே வேண்டாம். கடலை நம்பிய இறால் வைகையின் கடைமடையில் நிலைத்த கூட்டமாக வாழ்வது அரிது, நல்ல மழை ஆண்டுகளில் தலைகாட்டிப் பின் அருகிவிடும் என்பதே என் மதிப்பீடு. இதை அளவிட்டுச் சொன்ன முடிவாகக் கொள்ளாமல், வாழ்க்கைச் சுழற்சியையும் நீரின் காலத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து வந்த ஊகமாகவே கொள்ளுங்கள்.

கடற்பக்கத்தில் நிலைமை அவ்வளவு மோசமில்லை. அக்டோபர் தொடங்கி வங்கக் கடலின் உப்புக் குறைந்த நீர் கரையோரமாகத் தெற்கே நகர்ந்து பாக் நீரிணைக்குள் வருகிறது. அதே வேளையில் மழைநீரும் சேர்வதால், ஆழம் குறைந்த அந்தக் கடலின் உப்பு ஆண்டின் மிகக் குறைந்த நிலைக்கு இறங்குகிறது. காரங்காட்டு அலையாத்திக் காடு போன்ற ஒதுக்கங்களில் இளவுயிரிக்கு வேண்டிய உணவும் நிழலும் உண்டு. மேலும், இளவுயிரி தான் பிறந்த ஆற்றுக்கே திரும்ப வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. புவேர்ட்டோ ரிக்கோவில் அடுத்தடுத்த ஆறுகளின் இறால்களை மரபணு வழியாக ஒப்பிட்டபோது, அவை ஆறு வாரியாகப் பிரிந்திருக்கவில்லை, கடலில் கலந்துவிடுகின்றன. அப்படியானால் ஓர் ஆறு வறண்ட ஆண்டில், வேறோர் ஆற்றின் குஞ்சுகள் அதை மறுபடி நிரப்பலாம். தீவுகளில் இது நன்றாக நடக்கிறது. ஏனென்றால் அங்கே பக்கத்து ஆறு சில கிலோமீட்டரில் இருக்கிறது. நம் கரையில் வடக்கே காவிரிக் கழிமுகங்களுக்கும் தெற்கே மூக்கையூரில் மன்னார் வளைகுடாவைத் தொடும் குண்டாற்றுக்கும் இடையே, ஆண்டு முழுவதும் நன்னீர் ஓடும் முகத்துவாரம் ஒன்றுகூட இல்லை. வரும் குஞ்சு எங்கே ஏறும்?

வறண்ட கண்மாய்க்கு இறால் எங்கிருந்து வருகிறது என்ற உங்கள் இரண்டாம் கேள்விக்கு விடை பெரும்பாலும் கடலில் இல்லை. இந்தக் குலத்தின் முட்டை தாயின் வயிற்றில் ஈரத்தில் மட்டுமே உயிர்வாழும். காய்ந்த சேற்றில் புதைந்து மழைக்குக் காத்திருக்கும் முட்டை இதற்குக் கிடையாது. மண்ணிலிருந்து இறால் முளைக்கிறது என்று சொல்வதற்கு இடமில்லை. பெரிய கண்மாயின் ஆழமான குழிகள், கரைக்கு மண் எடுத்த பள்ளங்கள், ஊருணிகள், வாய்க்காலின் மடுக்கள் ஆகியவற்றில் கோடை தாண்டிய சில இறால்களே போதும். லாமரி போன்ற உப்பு வேண்டாத இனம் மழை வந்த சில மாதங்களில் பெருகிவிடும். மேலே உள்ள கண்மாய்களிலிருந்து வரத்துக் கால்வாய் வழியாகவும் வரும். ஈர இரவுகளில் நீரை விட்டு வெளியேறிச் சிறிது தூரம் நடப்பதும் இந்தப் பேரினத்தின் வழக்கம். கோடையில் ஊரே கூடி மீன்பிடிக்கும் நாளில் கடைசிக் குழியையும் கலக்கி வடித்துவிட்டால், அந்த விதை போய்விடும். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், தேர்த்தங்கல் என்று நம் கண்மாய்களில் கூடும் நீர்ப்பறவைகளுக்கும் விராலுக்கும் இந்தப் பொடி இறால் உணவு. மட்கிய இலை, பாசி, புழு, பூச்சிக் குஞ்சு, நத்தை என்று எதையும் தின்று, அதை மேலேயுள்ள உயிர்களுக்கு உடலாக்கித் தருகிறது. ஒரு குழியை விட்டு வைப்பது அதற்காகவேனும் தகும் என்று நினைக்கிறேன். இன்னொன்றையும் விசாரித்துக்கொள்ளுங்கள். கண்மாயைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் பொரிப்பகத்திலிருந்து ஸ்கேம்பிக் குஞ்சு வாங்கி விடுவது உண்டு. நீலக்கொடுக்கோடு பெரிய இறால் கிடைத்தால், முதலில் குத்தகைதாரரைக் கேட்பதே முறை.

மூன்றாம் கேள்விக்குப் பதில் சுருக்கமானது. மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளும் பவளத் துண்டும் மணலும் குவிந்த தாழ்ந்த திட்டுகள். மழைநீர் மணலுக்குள் இறங்கிவிடும். ஓடையாக ஓடுவதற்கு மலையும் இல்லை, பரப்பும் இல்லை. இராமேசுவரம் தீவு பெரிது என்றாலும் அங்கும் ஆறு இல்லை. கடலில் மிதக்கும் இளவுயிரி அந்தக் கரைகளை எட்டினாலும், உருமாறியபின் ஏறுவதற்கு நன்னீர் ஓட்டம் கிடையாது. தீவு என்பதற்காக மட்டும் ஆற்று இறால் வந்துவிடாது; மலையும் மழையும் ஓயாத ஓடையும் உள்ள தீவுக்கே அது வருகிறது.

தடைகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும், இது உங்கள் கேள்வியின் மறுபக்கம். புவேர்ட்டோ ரிக்கோவில் வழிந்தோட இடமில்லாத உயரமான அணைகளுக்கு மேலே பூர்வீக இறால்கள் இல்லாமற்போயின. அங்கே எஸ்பிரித்து சாந்தோ ஆற்றில் குடிநீருக்காக நீர் உறிஞ்சும் ஒரு தாழ்ந்த தடுப்பு, நெடுங்காலச் சராசரியில் இறங்கிவரும் இளவுயிரிகளில் 42 விழுக்காட்டை உறிஞ்சிவிட்டது. நீர் மிகக் குறைந்த நாட்களில் எல்லாவற்றையும். இளவுயிரிகள் இருட்டிய முதல் சில மணி நேரத்தில்தான் மிகுதியாக இறங்குகின்றன என்று கண்டு, அந்த நேரத்தில் மட்டும் உறிஞ்சுவதை நிறுத்தச் சொன்னார்கள். நமக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ளத்தக்கது ஒன்று உண்டு. குஞ்சுக்கு மேலேற ஆழமான நீர் தேவையில்லை. சொரசொரப்பான கல்லின் மேல் மெல்லிய நீர்ப்படலம் போதும். வழவழப்பான சிமெண்டுச் சுவராக, அடியில் வெற்றிடம் விட்டு நிற்கும் தடுப்பணையை விட, கருங்கல் சரிவாகப் பரப்பிய கலுங்கின் ஒரு ஓரத்தில், மறுகால் நின்றபின்னும் சில வாரம் சிறு கசிவு ஓடவிட்டால் அதுவே வழியாகும். பாசனத்துக்கு இழப்பு மிகக் குறைவு. புதிதாகத் தடுப்பணை கட்டும் இடங்களில் இதைக் கேட்டுப் பெறுவது, கட்டி முடித்தபின் திருத்துவதைவிட எளிது.

இனி, உங்கள் இறால் எந்த வழியைச் சேர்ந்தது என்று நீங்களே பார்ப்பதற்கு. சினை சாம்பல் நிறத்துக்கு வந்த தாய் ஒன்றை, கண்மாய் நீரோடு அகன்ற வாளியில் வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். முட்டை கசகசாவை விடச் சிறியதாக, எண்ண முடியாத அளவுக்கு இருந்தால் கடல் வழி என்று ஐயப்படலாம். கடுகு போலப் பெரிதாக, எண்ணக்கூடிய அளவில் இருந்தால் நன்னீர் வழி. பொரிந்தவுடன் தாயை எடுத்துக் கண்மாயிலேயே விட்டுவிடுங்கள். குஞ்சுகளில் பாதியை அதே கண்மாய் நீருள்ள தொட்டியிலும், பாதியைக் கடல்நீர் ஒரு பங்கு, கண்மாய் நீர் இரண்டு பங்கு கலந்த தொட்டியிலும் விடுங்கள். இரண்டாவது தொட்டிக்குக் கலவையை ஒரேயடியாக ஊற்றாமல், அரை நாளில் சிறிது சிறிதாக உப்பைக் கூட்ட வேண்டும். இரண்டிலும் மீன்தொட்டிக் காற்றுக்குழாய் ஓட வேண்டும். குஞ்சுகளுக்கு உணவாகும் ஆர்டீமியா என்ற நுண்ணிய உவர்நீர் உயிர் கிடைத்தால் இரண்டாம் நாளிலிருந்து ஊட்டுங்கள். வயிறு மேலாக, வால் முன்னாக நீந்தி, கண்மாய் நீரில் ஐந்தாறு நாளுக்குள் எல்லாம் இறந்து, உப்புத் தொட்டியில் உயிரோடிருந்தால் உங்கள் கலுங்கடி இறால் கடலைத் தேடித்தான் இறங்கியது. பொரிந்த சில நாளில் அடியில் நடக்கத் தொடங்கினால் அது கண்மாயின் சொந்தப் பிள்ளை. இரண்டு தொட்டியிலும் ஒருசேர இறந்தால் காற்றோ உணவோ நீரின் தூய்மையோ தவறியிருக்கும். அதிலிருந்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது, அடுத்த மறுகாலின்போது மறுபடி செய்ய வேண்டும்.